இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு நல்ல கடை

பசி வந்தால் சாப்பிடுகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டு, கை கழுவி, போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்த பிராணி வேறு. வெளியூர்ப் பயணத்தில் பசி வந்ததும் இது சாப்பிடாது, ஆராய்ச்சியைத் தொடங்கும். கண்ணெதிரே கடை இருக்கும், கடைக்குள் சாப்பாடு இருக்கும், சாப்பாட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருக்கும், பின் இருக்கையில் பெண்டாட்டிக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், இது மட்டும் வண்டிக் கண்ணாடியைப் பாதி இறக்கி, மூக்கை வெளியே நீட்டி, ஒரு தரம் மோந்துவிட்டு, "ம்ஹூம், இது வெளியூர்க்காரன ஏமாத்தற கடை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா நல்லதா ஒண்ணு இருக்கும்" என்று கண்ணாடியை ஏற்றிவிடும். இருக்கும் என்று எப்படித் தெரியும்? தெரியாது. இருக்கும், அவ்வளவுதான்.

மெக்சிகோவில் எங்கள் பக்கத்து நெடுஞ்சாலைகளில் இந்த இனம் மலிந்து கிடக்கிறது. இதற்கென்று சாத்திரம் உண்டு. படம் போட்ட மெனு அட்டை இருந்தால் உள்ளே போகக் கூடாது. மேசை விரிப்பு வெள்ளையாக இருந்தால் ஓடிவிட வேண்டும். வாசலில் லாரி நிற்க வேண்டும். நாற்காலி பிளாஸ்டிக்கில், பீர் கம்பெனி பெயர் போட்டு, ஒரு கால் ஆடுவதாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு பருத்த அம்மாள் கையாலேயே தட்டிச் சோள ரொட்டி சுட வேண்டும். அந்த அம்மாள் சிரித்தால் சந்தேகம், முறைத்தால் உத்தமம். வாசலில் ஒரு நாய் வேண்டும். அது கொழுத்திருக்க வேண்டும்.

புவெப்லா நகரத்து எவரிஸ்தோ இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஐம்பத்திரண்டு வயது. பத்திரம் பதிகிற அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை. அங்கே எதில் குத்த வேண்டும் என்பதை மேலதிகாரி சொல்வார். வீட்டில் என்ன நிறத்தில் சட்டை போட வேண்டும் என்பதை மனைவி ஒதிலியா சொல்வாள். பயணம் போகிற வேன்கூட மச்சான் ஃபெர்மீனுடையது. இத்தனை பெரிய உலகத்தில் எவரிஸ்தோ சொன்னால் நடக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான்: வெளியூரில் எங்கே சாப்பிடுவது.

அந்த ஒரு ராஜ்ஜியத்தையும் அவர் ஆண்ட லட்சணம் இருக்கிறதே! கடற்கரைப் பயணத்தில் அவர் கண்டுபிடித்த மீன்கடையால் குடும்பமே இரண்டு நாள் கழிவறை வாசலில் வரிசையில் நின்றது. அதற்கடுத்த பயணத்தில் லாரி, நாய், ஆடுகிற நாற்காலி எல்லா லட்சணமும் பொருந்திய ஓரிடத்தில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, அப்புறம்தான் அது பஞ்சர் ஒட்டுகிற கடை என்று தெரிந்தது. "ஆனா அந்த ஆளுக்குச் சமைக்கத் தெரிஞ்சிருக்கும், மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார் மனிதர்.

இந்தத் தடவை ஓஹாக்காவுக்குப் போகிற வழியில், மதியம் இரண்டரை மணிக்கு, ஏழாவது கடையையும் அவர் வேண்டாம் என்றபோது ஃபெர்மீன் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

"அத்தான், இதான் கடைசி. இன்னைக்கும் சொதப்பினீங்கன்னா இனிமே ஜென்மத்துக்கும் எங்க சாப்பிடறதுன்னு நான்தான் சொல்வேன். பெட்ரோல் பங்க் பக்கத்துல படம் போட்ட அட்டை வச்சிருப்பான் பாருங்க, அங்கதான். சரின்னு சொல்லுங்க."

எவரிஸ்தோ மனைவியைப் பார்த்தார். ஒதிலியா கைப்பையைக் கிளறி ஒரு பழைய புதினா மிட்டாயைக் கண்டெடுத்து, காகிதத்தோடு வாயில் போட்டுக்கொண்டாள். "சரின்னு சொல்லு கிழவா" என்றாள். எங்கள் பக்கத்தில் கட்டின புருஷனை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவது. அன்றைக்கு அதில் செல்லம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

"சரி" என்றார் எவரிஸ்தோ. மூக்கை மறுபடி வெளியே நீட்டினார்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி சான் பர்த்தோலோ என்ற கிராமத்துக்குள் புகுந்தார்கள். சாத்திரப்படி உள்ளூர்க்காரரைத்தான் விசாரிக்க வேண்டும். கழுதை ஓட்டி வந்த ஒருவரை நிறுத்தி, "ஐயா, வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ற கடை வேணாம். நீங்க சாப்பிடற இடம் எது, அதச் சொல்லுங்க" என்றார்.

"நானா? வீட்டுலதான்."

"வீட்டுல சாப்பிடாத அன்னைக்கு?"

அவர் யோசித்தார். "தங்கச்சி வீட்டுல."

"நல்ல கடை ஒண்ணும் இல்லையா?"

எங்கள் நாட்டில் வழி கேட்டவனிடம் தெரியாது, இல்லை என்று சொல்லிக் கைவிரிப்பது பெரிய மரியாதைக்குறைவு. எனவே அவர் கையை நீட்டி, "நேராப் போயி, மாதா கோவில் தாண்டி, சோத்துக்கைப் பக்கம்" என்றார். அங்கே கல்லறைத் தோட்டம் இருந்தது. அங்கே பூ விற்ற அம்மாள் பீச்சாங்கைப் பக்கம் கைகாட்டினாள். அங்கே ஒரு கிணறு இருந்தது. கிணற்றடியில் நின்றவர் மூன்று தெரு தள்ளி என்றார். ஃபெர்மீன் தப்பான வழிகளை வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தான், சந்தோஷமாக.

மூன்றாவது தெருவில் எவரிஸ்தோவுக்கு மூச்சு நின்றது.

தெருவை அடைத்துத் தார்ப்பாய்ப் பந்தல். வாசலில் லாரி, ஒன்றல்ல மூன்று. பீர் கம்பெனி நாற்காலி, நூறுக்குக் குறையாது, அத்தனையும் ஆடுகிறது. ஓரமாக நாலு பருத்த அம்மாள்கள் தட்டித் தட்டி ரொட்டி சுடுகிறார்கள், நாலு பேரும் முறைக்கிறார்கள். நாய் ஒன்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தது, அவ்வளவு கொழுப்பு. பெயர்ப்பலகையே கிடையாது!

"பேர்கூடப் போடல பார்த்தியா?" என்றார் எவரிஸ்தோ. "கூட்டம் தானா வருது!"

வாசலில் மீசைக்காரர் ஒருவர் மறித்தார். "வாங்க, யார் பக்கத்து ஆளுங்க?"

எவரிஸ்தோ மனைவியின் காதருகே குனிந்தார். "தெரிஞ்ச பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க. இந்த மாதிரிக் கடைக்குத்தான் முப்பது வருஷமாத் தவம் கிடக்கேன்." பிறகு நிமிர்ந்து, "தோன் சூச்சோ அனுப்பினாருங்க" என்றார்.

தோன் சூச்சோ என்று யாரையும் அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் நாட்டில் ஏசு என்று பெயர் வைத்த ஆண்பிள்ளைகள் எல்லாருமே சூச்சோதான்; கொஞ்சம் வயசானால் மரியாதைக்கு முன்னால் ஒரு தோன் சேர்ந்துகொள்ளும். தெருவுக்கு மூன்று பேர் இருப்பார்கள். ஊருக்கு ஒரு தோன் சூச்சோ இல்லாமல் போவானா?

"அட, தோன் சூச்சோ வீட்டு ஆளுங்களா! சொல்லக் கூடாதா? முன்வரிசை மேசைக்கு வாங்க!"

ஒதிலியா பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "கிழவா, பலூன்ல பதினஞ்சுன்னு போட்டிருக்கு."

"கடை ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷம் இருக்கும்."

மூன்று அடுக்கு ரோஜா நிறக் கவுனும் தலையில் கிரீடமுமாக ஒரு பெண், மேசைகளுக்கு நடுவே கவுன் உரச, கப்பல் மாதிரி நகர்ந்து போனாள். பின்னால் கோட்டு போட்ட ஏழு பையன்கள்.

"அத்தான்..." என்று வாயைத் திறந்தான் ஃபெர்மீன்.

"பதினஞ்சு வயசு விழாவுக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருக்காங்கடா. சாப்பாடு நல்லாயில்லாத இடத்துல எவன் விழா வைப்பான்?"

ஃபெர்மீன் பதில் சொல்லியிருப்பான். அதற்குள் தட்டு வந்துவிட்டது.

மோலே. கறுத்து, மினுங்கி, மேலே எள் தூவி, வான்கோழித் தொடையை முக்கால்வாசி மூழ்கடித்துக்கொண்டு நின்ற குழம்பு. பக்கத்தில் சிவப்புச் சோறு. துணியில் சுற்றின சூடான ரொட்டி. எவரிஸ்தோ ஒரு துண்டு ரொட்டியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் வைத்தார். முதலில் காரம் வந்தது, அப்புறம் லேசான இனிப்பு, அப்புறம் கருகின மிளகாயும் பட்டையும் வேறு என்னென்னவோ. அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஏனென்றால் ஒரு ரகசியம் அவருக்கு மட்டும்தான் தெரியும்: முப்பது வருடத்தில் அவர் கண்டுபிடித்த கடைகளில் ஒன்றில்கூடச் சாப்பாடு நன்றாக இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் பிரமாதம் பிரமாதம் என்று தலையை ஆட்டி விழுங்கியிருக்கிறார். நிஜமாகவே பிரமாதமாக இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. பேசாமல் அழுதார்.

ஃபெர்மீன் முதல் தட்டை முடித்து, இரண்டாவதை முடித்து, மூன்றாவதற்குக் கை காட்டினான். ஒதிலியா நிமிரவே இல்லை.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "இப்போ நம்ம யாரெலி செல்லத்துக்குக் கேக்கு ஞானத்தகப்பன் தோன் சூச்சோ! அவர் வீட்டு ஆளுங்க முன்னாடியே வந்திருக்காங்க! கேக்கை எடுத்துக்கிட்டு மேடைக்கு வாங்க!"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பதினைந்து வயதானால் கல்யாணம் மாதிரி விழா எடுப்பார்கள், அந்தச் செலவு ஒருத்தர் தலையில் விழாது. கிரீடத்துக்கு ஒரு ஞானத்தகப்பன், செருப்புக்கு ஒருத்தர், பேண்டுக்கு ஒருத்தர், கேக்குக்கு ஒருத்தர். இருநூறு பேர் தலையும் முன்வரிசை மேசைப் பக்கம் திரும்பியது. எவரிஸ்தோவுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பலூன் விளங்கியது, கவுன் விளங்கியது. இது கடை இல்லை, வீடு.

"இப்பப் புரிஞ்சுதா?" என்றாள் ஒதிலியா, மென்றுகொண்டே.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வாசல்லயே."

"ஏன்டி சொல்லல?"

"பசிச்சுது."

மீசைக்காரர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கையில் திணித்தார். ஃபெர்மீன் நாற்காலியில் சாய்ந்து, பல் குத்திக்கொண்டு, தன் ராஜ்ஜியாபிஷேகத்தைப் பார்க்கிற தோரணையில் உட்கார்ந்திருந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கேக்கு வேண்டும். எவரிஸ்தோ ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். கடைசியில் மனதில் இருந்ததுதான் வந்தது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஆனா இந்த மோலே... யாருங்க வச்சது? அவங்க கையை நான் ஒரு தடவை கும்பிடணும். இவ்வளவு நல்ல சாப்பாடு நான் என் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல. பொய்யில்லம்மா, சத்தியமா."

அடுப்படியில் யாரெலியின் அம்மா பெர்த்தா இடுப்பில் கட்டிய துணியால் மூக்கைச் சிந்தினாள். மூன்று நாள் தூங்காமல் மிளகாய் வறுத்தவள் அவள். அதுவரை அவளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருநூறு பேரும் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் ஒரு பொடிசு கேட்டது: "கேக்கு எங்க?"

நல்லவேளை, தெருமுனையில் ஹாரன் சத்தம். பின்பக்கம் திறந்த வண்டியில், ஐந்தடுக்குக் கேக்கைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்து இறங்கினார். தோன் சூச்சோவேதான். "உங்க ஆளுங்க எப்பவோ வந்தாச்சு!" என்று கத்தினார் மீசைக்காரர்.

பெரியவர் எவரிஸ்தோவை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு, "தம்பீ! எளைச்சுப் போயிட்டியே!" என்று கட்டிக்கொண்டார். பிடியை விடாமலே காதில் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க, வயசாச்சு, ஞாபகம் வரல. எந்த வழியில சொந்தம்?"

"எந்த வழியிலயும் இல்லைங்க" என்றார் எவரிஸ்தோ. "சாப்பாட்டுக் கடைன்னு நெனச்சு வந்துட்டேன். மன்னிச்சுடுங்க."

தோன் சூச்சோ இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. நானும் அப்படித்தான் வந்தேன்."

"என்னது?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. நான் வெராக்ரூஸ்காரன், இந்தப் பக்கமா லாரி ஓட்டிட்டுப் போனேன். இந்தப் பொண்ணுக்கு மூணு வயசு விழா. நல்ல கடையாத் தெரிஞ்சுது. மோலேவைச் சாப்பிட்டேன், நல்லாருக்குன்னு சொன்னேன். செருப்புக்கு ஞானத்தகப்பன் ஆக்கிட்டாங்க. அப்புறம் பேண்டு. இன்னைக்குக் கேக்கு."

"அவ்வளவு தூரத்துலேர்ந்து ஏன் இன்னும் வர்றீங்க?"

"மோலே சாப்பிட்டீங்கல்ல?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம் என்ன கேள்வி?"

சொல்லிவிட்டு மனிதர் ஒலிவாங்கியைப் பிடுங்கி, இத்தனை வருடம் தனியாகச் சுமந்த பாரத்தை இறக்குகிற முகத்தோடு அறிவித்தார்: "அடுத்த வருஷம் யாரெலி தங்கச்சிக்குப் பதினஞ்சு! கேக்கும் பேண்டும் என் தம்பி பொறுப்பு!"

பந்தல் அதிர்ந்தது. பெர்த்தா ஓடிவந்து எவரிஸ்தோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "விருந்தாளி மாதிரி இல்ல, கூடப் பொறந்தவர் மாதிரி" என்று மடி நிறையப் பொட்டலங்களைக் கட்டிக்கொடுத்தாள்.

வேன் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு ஃபெர்மீன் தொண்டையைச் செருமினான். "அத்தான், பந்தயம் கடைன்னுதான். இது வீடு. அதனால..."

"நீ எத்தனை தட்டு சாப்பிட்டே?" என்றாள் ஒதிலியா.

"மூணு."

"உன் மடியில என்ன?"

"பொட்டலம்."

"வாயைப் பொத்திக்கிட்டு வண்டிய ஓட்டு. இனிமே எங்க சாப்பிடறதுன்னு என் புருஷன்தான் சொல்வாரு."

எவரிஸ்தோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ராஜ்ஜியம் தப்பித்தது. பேண்டு வாத்தியத்துக்கு எங்கே போய் நிற்பது என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய கவலை, அடுத்த வருடம் வரை எப்படிப் பொறுப்பது என்பது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் நீங்கள் கவலைப்பட்டது அந்த மனிதரின் மானத்தைப் பற்றியா, அல்லது அந்தத் தெரு எந்தத் திருப்பத்தில் இருக்கிறது, யாரெலி தங்கச்சியின் விழா எந்த மாதம் என்பதைப் பற்றியா? உண்மையைச் சொல்லுங்கள். சரி, என்னிடம் சொல்ல வேண்டாம். உங்களோடு வண்டியில் வரப்போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாவம், அவர்களாவது கிளம்புமுன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளட்டும்.