கதவுக்கு வெளியே மாமனார்

காதலைக் காதலியிடம் சொல்வது சுலபம். அவள் அப்பாவிடம் சொல்வதற்குத்தான் தொண்டை, வயிறு, முழங்கால் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். எனக்கு மூன்றும் ஒரே நாளில் லீவு போட்டன.

நானும் ஷீபாவும் நாவலூரில் ஒரே அலுவலகம். அவள் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், சர்ச் கமிட்டியில் முக்கியஸ்தர். நானோ பங்குனி உத்திரத்துக்கு மொட்டை போடும் குடும்பம். "அப்பாகிட்ட நேரா விஷயத்துக்கு வந்துடு, பிரகாஷ். வளவளன்னு பேசினா அவருக்குப் பிடிக்காது" என்று ஷீபா சொல்லியிருந்தாள். தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரை ஒவ்வொரு சிக்னலிலும் ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். (பக்கத்து ஆட்டோக்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.)

அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் ஒத்திகை காற்றோடு போயிற்று. மேடவாக்கம் டிராஃபிக், தண்ணீர் லாரி, மெட்ரோ வேலை என்று என் வாய் எங்கெங்கோ ஓடியது. எதிரே ஷீபா கண்ணாலேயே என்னை வறுத்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் சார்" என்று பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். முகம் கழுவினேன். தைரியம் வந்தது. தாழ்ப்பாளை இழுத்தேன். அதன் பிடி கையோடு வந்துவிட்டது.

யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். மாப்பிள்ளை ஆகப்போகிறவன் பாத்ரூமிலிருந்து கத்துவதா? அங்கிருந்த டூத் பிரஷ்ஷால் நெம்பினேன். அதுவும் உடைந்தது.

"தம்பி, வயிறு சரியில்லையா?" அவள் அப்பா.

"நல்லா இருக்கு சார்!"

"கூச்சப்படாதீங்க தம்பி, இஞ்சிச் சாறு போடட்டுமா?" அவள் அம்மா.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். வெளியிலிருந்து தள்ளினார்கள், குத்தினார்கள். கதவு அசையவில்லை. கார்பென்டருக்குப் போன் போனது.

"அவர் வேளச்சேரில இருக்காராம் தம்பி, வர நேரமாகும். அதுவரைக்கும் சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?"

எதிரே ஷீபா அப்பாவின் மீசை இல்லை. வெறும் கதவு. சட்டென்று வாய் திறந்துகொண்டது.

"சார், ஷீபாவை நான் கல்யாணம் பண்ணிக்கணும்."

வெளியே மிக்ஸி கூட நின்றுவிட்டது. எனக்கு உட்கார இடமில்லை. வாளியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

கடைசியில் கேட்டார்: "உங்க வீட்ல என்ன சொல்லுவாங்க?"

"அம்மா ரெண்டு நாள் அழுவாங்க சார். அப்புறம் சர்ச்சுக்கு என்ன புடவை கட்டுறதுன்னு கேப்பாங்க."

யாரோ சிரித்தார்கள். அது அவரா என்று தெரியாமல் தவித்தேன்.

"வெளிய வந்தும் இதையே சொல்லுவீங்களா?"

"வெளிய வர முடிஞ்சா சொல்லுவேன் சார்."

கார்பென்டர் கதவைத் திறந்தபோது வியர்வையில் நனைந்து, கையில் உடைந்த பிரஷ்ஷோடு நின்றேன். ஷீபாவின் அப்பா என்னைப் பார்க்கவில்லை, பிரஷ்ஷைத்தான் பார்த்தார்.

"அது என்னோடது" என்றார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

கல்யாணம் நடந்தது. தாழ்ப்பாளும் மாறிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. போன மாதம் என் மச்சினி சாப்பிட்டு முடித்ததும் விறுவிறுவென்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

மாமனார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவருகே போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா, பையன் யாரு?"