எலிக்கு ஏற்றிய விளக்கு

கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் இன்சுலேஷன் டேப்பும் கிடைத்துவிட்டால், எந்த ஆண்பிள்ளையும் தன்னைச் சாதாரண ஆளாக நினைத்துக்கொள்வதில்லை. நானும் நினைக்கவில்லை. அதனால்தான் ஓமன் நாட்டுச் சலாலாவில் ஒரு தென்னந்தோட்டத்து நடுவில், மருந்தடிக்கும் மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் சிவப்பு ஜோதியோடு, மாரியம்மன் கோயில் தேர் மாதிரி நான் நிற்க நேர்ந்தது. (போட்டோ இருக்கிறது. குவைத்தில் யார் வீட்டிலோ.)

அந்தத் தோட்டத்தில் மோட்டாரும் பைப்பும் பார்ப்பது என் டூட்டி. தோட்டம் எங்கள் அர்பாபுடையது. முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் சொல்வோம். நல்ல மனுஷன், வெள்ளைத் தாடி, கோபம் வந்தால் வானத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் அப்போது புதுமாப்பிள்ளை. கல்யாண மாலை வாடுவதற்குள் லீவு முடிந்து திரும்பியவன். செல்வியை விசிட் விசாவில் அழைத்துவர அனுமதி கேட்டேன். விசாவுக்குத் தலையாட்டினார். தங்குவதற்குத் தோட்டத்து மூலையில், சாலையை ஒட்டி இருந்த இரண்டு அறை வீட்டைக் காட்டினார். அதில் கூரை வரைக்கும் தேங்காய். விலை ஏறட்டும் என்று மொத்த வியாபாரிக்குக் கொடுக்காமல் குவித்திருந்தார். தேங்காய்க்கு இடையில் எலிகள், குடும்பம் குடும்பமாக, விசா இல்லாமலே குடியிருந்தன.

"சூஹா கலாஸ், கர் தும்ஹாரா" என்றார், பாதி அரபி பாதி இந்தியில். எலி ஒழிந்தால் வீடு எனக்கு.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டேன்.

"வீடு கெடச்சிட்டு செல்வி. ரெண்டு ரூமு. தென்னமரக் காத்து. கொஞ்சம் எலிதான்…"

செல்வி என்னை முடிக்க விடவில்லை.

"இங்க பாருங்க, ஒரு எலி வாலு என் கண்ணுல பட்டாலும் அடுத்த ப்ளைட்ல ஏறிருவேன். சும்மா மெரட்டுதாள்னு நெனைக்காதிய."

டிக்கெட் போட்டாயிற்று. அடுத்த வாரம் வருகிறாள். பொறி வைத்துப் பார்த்தேன். வீடு முழுக்கத் தேங்காய் இருக்கும்போது எந்த எலி வந்து என் காய்ந்த கருவாட்டைத் தின்னும்? விஷம் வைக்கக் கூடாது, அர்பாபின் ஆடுகள் அங்கேதான் மேயும். கடைசியில் அர்பாப் தன் ஏர்கன்னை எடுத்தார். லைசன்ஸ் அவர் பேரில், அதனால் சுடுவது அவர்தான். ஆனால் எலி இருட்டினால்தான் வெளியே வரும். துப்பாக்கிக்கென்றே விற்கிற விளக்கின் விலையைக் கேட்டதும் அர்பாப் வானத்தைப் பார்த்தார்.

"மேய்ன் பனாயேகா அர்பாப்" என்று நான் வாயைக் கொடுத்தேன். நானே செய்து தருகிறேன் என்று. ஆழம் தெரியாமல் காலை விடுவது என் குடும்பத்துக் குணம்.

முதல் விளக்கு, ஒரு கைடார்ச். துப்பாக்கிக் குழலுக்கு அடியில் சைக்கிள் டியூபால் கட்டினேன். அர்பாப் சுட்டார். துப்பாக்கி உதறிய உதறலில் டார்ச் நழுவி அவர் கால் பெருவிரலில் விழுந்தது. எலி ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து போனது.

இரண்டாவது, பால்பவுடர் டின்னுக்குள் காரின் ஹெட்லைட் பல்பு. வெளிச்சம் என்றால் பகல்! அர்பாப் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எலிகள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, விளக்கை அணைத்ததும் திரும்பி வந்தன. டின்னில் ஒட்டியிருந்த காகிதம் தீப்பிடித்துப் புகைந்தது. தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை சாகுல் பாய் ஓடிவந்தார்.

"மாப்ள, எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துனான்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னக்கித்தான் கண்ணால பாக்குறேன்!"

"இல்ல பாய், லைட்டு…"

"தெரியுது, தெரியுது. எலிக்கு மேக்கப்பு போட்டாச்சா? ஷூட்டிங் எப்ப?"

அரை வேலையை ஆளிடம் காட்டாதே என்பார்கள். ரோஷத்தில் செல்போனில் தேடினேன். சிவப்பு வெளிச்சம் எலியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொன்னார். போதாதா? பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு லாரியின் பின்விளக்குக் கண்ணாடியை வாங்கினேன். பி.வி.சி. பைப்புக்குள் பல்பு, முன்னால் சிவப்புக் கண்ணாடி, சுற்றிலும் கைக்கு வந்த அளவு டேப். மருந்தடிக்கும் மிஷினில் பேட்டரி இருந்ததால் அதை அப்படியே முதுகில் மாட்டிக்கொண்டேன். விளக்கை ஒரு தொரட்டிக் கம்பின் நுனியில் கட்டி உயரத் தூக்கினேன். அறைக்குள் சோதித்துப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் தென்காசியில் சாரல் அடிக்கிற மாதங்களில் சலாலாவிலும் சாரல். கரீஃப் என்பார்கள். வளைகுடா முழுக்க வெயிலில் வேகும்போது, குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார் ஏறி இங்கே வந்து நனைவார்கள். சாலையோரமெல்லாம் இளநீர்க் கடையும், கம்பியில் இறைச்சியைக் கோத்துத் தணலில் சுடுகிற மிஷ்காக் கடையும் விடிய விடிய நடக்கும்.

அன்று ராத்திரி தூறலோடு மூடுபனியும் இறங்கியிருந்தது. நான் சுவிட்சைப் போட்டேன். பனி அந்தச் சிவப்பை அப்படியே வாங்கி எங்களைச் சுற்றிப் பந்தல் போட்டுவிட்டது. எலி தெரியவில்லை. துப்பாக்கி தெரியவில்லை. அர்பாபின் தாடி மட்டும் ரோஸ் கலரில் தெரிந்தது.

"சூஹா கிதர்?" என்று கிசுகிசுத்தார். எலி எங்கே?

"சாம்னே அர்பாப்." எதிரே இருக்கிறது என்றேன். எதிரே என்ன இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

எதிரே இருந்தது ஒரு கார். ஹாரன் அடித்தது. கதவு திறந்தது. பனிக்குள்ளிருந்து வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வந்தார். பின்னால் மனைவி, மச்சான், எண்ண முடியாத பிள்ளைகள். அவர் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். அதைச் சுற்றிப் புகைபோல் மிதந்த பனியைப் பார்த்தார். ஆசையாகக் கேட்டார்:

"மிஷ்காக்?"

நான் பதில் யோசிப்பதற்குள் இரண்டாவது கார். பிறகு மூன்றாவது. ஒரு கார் நின்றுவிட்டால் அங்கே ருசி இருக்கிறது என்று ஒன்பது கார் நிற்கும், அது எல்லா ஊருக்கும் பொது.

அர்பாப் வானத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் தன் பிக்கப் வண்டியில் வைத்துப் பூட்டினார். தாடியை நீவினார். வாசலுக்கு வந்தவன் விருந்தாளி, அவர்கள் வழக்கம் அப்படி.

"அஹ்லன், அஹ்லன்!" என்று எல்லோரையும் வரவேற்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "யல்லா முருகேஷ், நாரியல்!" கிளம்பு, தேங்காய் வெட்டு என்று.

இருந்த ஒரே வெளிச்சம் என் விளக்கு. கம்பை ஒரு தென்னையில் கட்டினேன். பேட்டரி என் முதுகில், விளக்கு மரத்தில், நடுவில் வயர். கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தேங்காய் வெட்டினேன். (மிஷினைக் கழற்றிக் கீழே வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது மறுநாள் மத்தியானம்.) பிள்ளைகள் வரிசையில் நின்று என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாகுல் பாய் பிளாஸ்க்கோடு வந்தார். "ஏன் மாப்ள, கடை தொறக்கேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? டம்ளராச்சும் கூடக் கொண்டாந்திருப்பேன்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் நாளை எண்ணிக்கொண்டே வெட்டினேன். ஒரு எலிகூடச் சாகவில்லை. செல்வி வரப்போகிறாள். ஒவ்வொரு தேங்காயை வெட்டும்போதும் என் வீட்டின் ஒரு செங்கல் விழுவதுபோல் இருந்தது.

விருந்தாளிகள் சும்மா குடித்துவிட்டுப் போகவில்லை. வற்புறுத்திக் காசு கொடுத்தார்கள், சாக்கு நிறையத் தேங்காயும் வாங்கிப் போனார்கள். அர்பாப் அதற்கு முன் தன் வாழ்க்கையில் அவ்வளவு பேரிடம் ஒரே நேரத்தில் பேசியதில்லை. மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். துப்பாக்கி இல்லை. புதுத் தலைப்பாகை. "யல்லா, லைட்!"

அடுத்தடுத்த இரவுகளிலும் அதே கூத்து. குவியல் கரைந்து, தரை தெரிந்தது. நான் அழாத குறையாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனேன். மூலை மூலையாகத் தட்டினேன். ஒரு எலி இல்லை. சாப்பாடு தீர்ந்ததும் மொத்தக் குடும்பங்களும் வேறு வேலை தேடிப் போய்விட்டன.

செல்விக்குப் போன் போட்டு என் பராக்கிரமத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப தேங்காய மொதல்லயே வெளிய எடுத்துப் போட்டிருந்தா, எலி தானாப் போயிருக்கும்லா?"

அதை அர்பாபுக்கு இந்தியில் சொன்னேன். அவர் வெகுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "பீவி குட்" என்றார். "ஜல்தி லாவ்." பெண்டாட்டி கெட்டிக்காரி, சீக்கிரம் கூட்டி வா.

வந்தாள். எலி வால் எதுவும் கண்ணில் படவில்லை. அன்று முதல் வீட்டில் எந்த வேலை எந்தப் பக்கம் திரும்பினாலும், "எலி புடிக்கப் போனவன் கடை போட்ட கதை" என்பாள். போன் வழியாக அது மாமியார் வீட்டுக்குப் போனது, அங்கிருந்து தெருவுக்கு.

போன லீவில் தென்காசியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், பைக் வாங்கப் போன மகன் பசுமாட்டோடு வந்த கதையைச் சொல்லிப் புலம்பினார்.

"எலி புடிக்கப் போனவன் கடை போட்ட கதையால்ல போச்சு!"

"என்ன சொன்னிய?" என்றேன்.

"பழமொழி தம்பி. அந்தக் காலத்துப் பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாக? யாரோ ஒரு கிறுக்குப்பய இருந்திருக்கான். ஆனா, பொழைக்கத் தெரிஞ்சவன்!"

அடுத்த இலையில் செல்விக்குப் புரையேறியது. நான் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது கரண்டி பாயசம் கேட்டேன்.