புது கேஸ் விஷயமாக மச்சானுக்கு

கீழ்வேளூர்,
ஞாயிறு மத்தியானம்.

மதிப்பிற்குரிய மச்சான் உபைதுல்லா அவர்களுக்கு லியாகத் அலி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை மெஹராஜ் பேகமும் இறைவன் கிருபையால் சுகம். ஷார்ஜா வெயில் உங்களைச் சோதிக்காமல் இருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் இன்றே மெஹராஜ் காதுக்குப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். போன வருஷம் நீங்கள் சொன்ன விசாவை இப்போது ஏற்பாடு செய்யவும். ஏசி கடையை மூடிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் கீழே.

இத்தனை காலம் நாம் ஏசியில் ஏற்றிவந்த பழைய கேஸ் வானத்தைக் கெடுக்கிறதென்று அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்துவது உங்களுக்குத் தெரியும். புது கேஸ் வானத்துக்குப் பரவாயில்லை, ஆனால் தீப்பிடிக்கும். அதற்குத் தஞ்சாவூரில் வகுப்பு நடந்தது, நானும் என் மெக்கானிக் இளையபெருமாளும் போனோம். குழாயில் இருக்கும் காற்றை விரட்டக் கொஞ்சம் கேஸைத் திறந்துவிடும் பழக்கத்தை விடணும், அதுக்குக் காற்றை உறிஞ்சுற வாக்குவம் பம்ப் போடணும், கேஸை எடை போட்டு ஏத்தணும், பழைய மிஷினில் இருப்பதை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடிச்சு வைக்கணும், பக்கத்தில் நெருப்பே ஆகாது என்றார்கள். இதெல்லாம் எங்களுக்குக் கஷ்டமாகப் படவில்லை. கடைசியாக, அளந்து பார்க்காமல் ‘கேஸ் போச்சு’ என்று சொல்லக் கூடாது என்றார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏசி குளிரவில்லை என்றால் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தானே மச்சான் நம் தொழிலில் பையையே திறக்கிறோம். இருந்தாலும் எல்லாவற்றையும் கடைப்பிடிப்பதென்று பம்பும் தராசும் வாங்கினோம்.

முதல் வேலை, தியாகராசன் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். அங்கே முதல் கல்யாணமே அவர் மகள் செம்மொழிக்கு, இன்று காலையில். இது குளிர்ந்தால் வேதாரண்யம் வரைக்கும் மண்டபக்காரர்கள் புது கேஸுக்கு என்னைக் கூப்பிடுவார்கள், குளிராவிட்டால் பழைய கேஸுக்கும் கூப்பிட மாட்டார்கள். நேற்று மிஷினை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தியாகராசன் ஒவ்வொரு ஏசிக்கும் சூடம் காட்டணும்னு தாம்பாளத்தோட வந்துட்டார். நெருப்பு ஆகாதுன்னேன். சூடம் காட்டாத மிஷின் வெளங்குமான்னார். நம்ம வீட்லயும் சாம்பிராணி போடாம எதையும் ஆரம்பிக்கிறதில்லையே, அதனால அவர் மேல கோபம் வரலை. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். எல்லா மிஷினுக்கும் ஒரே ரிமோட்தான், அதைத் தெருவுக்குக் கொண்டுபோய் அதுக்குக் காட்டுங்கன்னேன். மனுஷருக்குப் பிடித்துப்போயிற்று. இன்று காலையில் நாங்கள் ஃபேனை மட்டும் ஓடவிட்டுக் கொடுத்ததும், ரிமோட்டுக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்து வாசலில் சூடம் காட்டி, தாம்பாளத்திலேயே உள்ளே எடுத்துப்போனார்.

நல்ல நேரத்தில்தான் கூலிங் போடுவதாக ஏற்பாடு, அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கவும் அவர் விடவில்லை. நேரம் வந்ததும் அவரே ரிமோட்டை அழுத்தினார். நாயனமும் தவிலும் வெளுத்து வாங்கின. ஆனால் குளிரவில்லை. ஏசியிலிருந்து வந்தது வெறும் வெக்கைக் காத்து. மாப்பிள்ளை வேர்த்து ஊத்துறார், கூட்டம் தாம்பூலப் பையால விசிறிக்குது, இளையபெருமாள் வகுப்பை மறந்துட்டு “கேஸ் போச்சு பாய்”ங்கிறார். அளந்து பார்க்கலாம்னா உள்ளே ஓமம் எரியுது, நெருப்பு இருக்கும்போது கேஸ் லைனைத் தொட முடியாது. கல்யாணம் முடிஞ்சும் அதுல கங்கு இருக்கு, தண்ணி ஊத்தக் கூடாது, தானாத்தான் அவியணும்னு ஐயர் சொல்லிட்டார். அது அவியக் காத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தியாகராசன் பக்கத்தில் வந்து, “ஏன் பாய், பழைய கேஸையே போட்டிருக்கலாம்ல?” என்று மெதுவாகக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது மச்சான். சொன்னபடியெல்லாம் மாறிக்கொண்டேன், அதற்குக் கிடைத்தது இது. ஆகவே விசா.

உங்கள் வீட்டில் நஜ்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். எல்லோருக்கும் உடல் நலமும் பரக்கத்தும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
லியாகத் அலி.

பி.கு.: விசா வேண்டாம். எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். இதை மடித்துக்கொண்டிருக்கும்போது மண்டபத்தில் ‘பீப்’ என்று சத்தம் கேட்டது. தியாகராசன் மனைவி குந்தவை பூஜைச் சாமானை எடுத்து வைக்கும்போது, ரிமோட்டின் முனையில் அப்பியிருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார். மிஷினுக்குச் செய்தி போகும் இடமே அந்த முனைதான். காலையில் அழுத்தியது எதுவும் போய்ச் சேரவில்லை, மேளச் சத்தத்தில் ‘பீப்’ வராதது யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டுப் படுத்திருந்த சம்பந்தி வீட்டார் இப்போது போர்வை கேட்கிறார்கள். தியாகராசன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பாய் செய்தீர்கள் என்றார். அந்தச் சந்தனம் அவர் கையால் வைத்தது. மகள் கல்யாணத்தன்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குந்தவை அம்மாவும் தலைப்பில் இருந்த சந்தனக் கறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“கேஸ் போயிருந்துச்சுங்க, ஏத்திட்டோம்” என்றேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்கும் இதே புது கேஸையே போடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் இளையபெருமாளுக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. “அளக்காம சொல்லிட்டீங்களே பாய்” என்கிறார்.