லாகெவ்லீட் நீர்வாரியத்தின் கூட்டல் குறி

தண்ணீரை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருப்பதுதான் லாகெவ்லீட் நீர்வாரியத்தின் வேலை. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் அந்த வட்டாரம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. வாரியம் ஒழுங்காக வேலை பார்க்கும்வரை அப்படி ஒரு வாரியம் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. துணைச் செயலர் ஹெஸ்ஸல் வீர்ஸ்த்ராவுக்கு இது தீராத மனக்குறை. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் என்பதற்காக யாரும் செயலர் பதவி கொடுப்பதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஹேக் நகரத்தில் ஒரு மாநாடு நடந்தது. சில வருஷங்களுக்கு முன் எல்லா அலுவலகங்களும் தங்கள் மின்னஞ்சலை அயல்நாட்டுப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குப் புரட்சி என்று பெயர் வைத்திருந்தன. இப்போது திரும்ப வாங்கிக்கொண்டிருந்தன. இதற்கும் அதே பெயர்தான். "சொந்த மண், சொந்த அஞ்சல்" என்று எழுதிய துணிப்பையோடு ஊர் திரும்பிய ஹெஸ்ஸல், மறுநாளே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இட்ஸ்கேயைக் கூப்பிட்டார்.

இட்ஸ்கே ஒரு மெஷினை வாங்கி ஓட வைத்தாள்.

"மெஷின் ரெடி. ஆனா வெளியில ஒருத்தருக்கும் நம்மள அடையாளம் தெரியாது," என்றாள். "நம்ம டொமைன்ல, அதாவது இன்டர்நெட்ல நம்ம பேருக்குக் கீழ, மூணு பதிவு சேர்க்கணும். நமக்கு வர்ற மெயில் எந்த மெஷினுக்குப் போகணும், நம்ம பேர்ல அனுப்ப யாருக்கு உரிமை, இந்த மெஷின் யாருதுன்னு கேட்டா என்ன பேர் சொல்லணும். அவ்வளவுதான். இது இல்லன்னா நம்ம மெயில் எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போயிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தக் காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம். ஆனா டொமைனோட சாவி மாடலீஃப்கிட்ட இருக்கு."

மாடலீஃப் மக்கள் தொடர்புத் துறையின் தலைவி. டொமைன் பெயர் என்பது வாரியத்தின் முகம். முகம் மக்கள் தொடர்பின் கீழ் வரும் என்று முன்பே ஒரு தீர்மானம் இருந்தது. ஆகவே கூட்டம் கூடியது. அன்று யாருக்கோ பிறந்தநாள். முதலில் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கொரு துண்டு கேக் தின்று முடித்தார்கள். பிறகு மாடலீஃப் முதல் பதிவைப் படித்தாள்.

"இதுல ஏன் பத்துன்னு போட்டிருக்கு?"

"அது வரிசை எண். சின்ன எண் இருக்கிற மெஷினுக்கு முதல்ல போகும். நம்மகிட்ட இருக்கிறதே ஒரு மெஷின், அதனால எதைப் போட்டாலும் ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணுன்னே போடுங்க. நம்ம வாரியம் பத்தாவது இடத்துல இருக்குன்னு ஜனங்க நினைக்கக் கூடாது."

இட்ஸ்கே மறுபேச்சில்லாமல் ஒன்று என்று மாற்றினாள். இதில் எதுவும் கெட்டுப்போகாது. கெட்டுப்போவது அடுத்ததில் தொடங்கியது.

மூன்றாவது பதிவைத் தொழில்காரர்கள் தலைகீழ்ப் பதிவு என்பார்கள். பெயரிலிருந்து எண்ணுக்குப் போகாமல், எண்ணிலிருந்து பெயருக்கு வருவதால் அந்தப் பெயர். மாடலீஃப் கேக் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நம்ம ஐந்தாண்டுத் திட்டத்தோட பேரு 'முன்னோக்கி'. அந்த எழுத்து சுவத்துலகூட இருக்கு. இதுல தலைகீழ்னு ஒண்ணை நான் எப்படிச் சேர்க்கிறது?"

"அது வெளியில யாருக்கும் தெரியாதுங்க."

"யாருக்கும் தெரியாதுன்னா எதுக்குச் செய்யணும்?"

இந்தக் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடையாது. அப்பதிவு மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

நடுவிலிருந்த பதிவுக்கு நிபுணர் தேவைப்பட்டார். யாரையும் விட்டுவிடாத அலுவலகமாக வாரியத்தை மாற்றுவதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆலோசகர் பௌடவெய்ன், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். அந்த வரி ஒரு கழித்தல் குறியோடு முடிந்தது. குறியை ஒட்டி 'எல்லோரும்' என்று பொருள்படும் சொல்.

"கழித்தல், எல்லோரும்," என்று மெதுவாகப் படித்தார். "எல்லோரையும் வெளியே தள்ளுன்னு ஒரு அரசு அலுவலகம் எழுதலாமா இட்ஸ்கே?"

"நம்ம மெஷினைத் தவிர மத்த எல்லாரும்னு அர்த்தம். திருடன் உள்ள வரக் கூடாதுல்ல?"

"திருடன்னு ஒருத்தர் மேல முத்திரை குத்துறோம் பாருங்க. இதுக்கு மாற்றுக் குறி இல்லையா?"

இட்ஸ்கே பொய் சொல்லத் தெரியாதவள். "கூட்டல் குறி இருக்கு. அதைப் போட்டா உலகத்துல எவன் வேணும்னாலும் நம்ம பேர்ல மெயில் அனுப்பலாம். அனுமதி உண்டுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

பௌடவெய்னின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நான் இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருக்கேன்!"

சட்டப்படி டச்சு, ஃப்ரீசியம் என்று இரண்டு மொழியிலும் இருக்க வேண்டாமா என்று மாடலீஃப் நினைவூட்டினாள். கம்ப்யூட்டருக்கு ஃப்ரீசிய மொழி தெரியாது என்றாள் இட்ஸ்கே. அதனால்தான் அந்த மொழி அழிந்துகொண்டு வருகிறது என்று பௌடவெய்ன் வருத்தப்பட்டார். கூட்டல் குறி இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

எல்லோரும் ஹெஸ்ஸலைப் பார்த்தார்கள். அவருக்கு விஷயம் புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. ஆனால் அடுத்த வாரம் வாரியத் தலைவர் வந்து புது மெஷினுக்கு நாடா வெட்டுவதாக ஏற்பாடு. இன்னொரு கூட்டம் போட்டால் நாடா வெட்டு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பக்கத்து வாரியம் முந்திக்கொள்ளும்.

"தற்காலிகமா கூட்டலே இருக்கட்டும்," என்றார்.

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்," என்ற இட்ஸ்கே அங்கேயே உட்கார்ந்து கூட்டல் குறியைத் தட்டினாள். மறுநாள் அவளுக்கு விடுமுறை. ஸ்கேட்டிங் போட்டிக்குப் பயிற்சி இருந்தது.

நாடா வெட்டப்பட்டது. வாரியத்தின் புதிய மெஷின் சொந்த மண்ணிலிருந்து அனுப்பிய சொந்த அஞ்சல் எல்லாம், பெயர் சொல்லத் தெரியாத மெஷினிலிருந்து வருகிறது என்ற ஒரே காரணத்தால், நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போயிற்று. யாரும் பதில் எழுதாததை, மக்கள் திருப்தியாக இருப்பதற்கான அறிகுறி என்று மாடலீஃப் குறித்துக்கொண்டாள்.

எங்கோ தூரதேசத்தில் ஒரு மோசடிக் கூட்டம் கூட்டல் குறியைக் கண்டுகொண்டது. அவர்கள் பொறுப்பானவர்கள். தலைகீழ்ப் பதிவு முதல் எல்லாவற்றையும் பிசகில்லாமல் வைத்திருந்தார்கள். அவர்களிடம் கூட்டம் கூட்டும் வழக்கமும் இல்லை.

நவம்பரில் புயல் வந்தது. வாரியம் அனுப்பிய எச்சரிக்கை குப்பைப் பெட்டிக்குப் போயிற்று. வானிலைச் செய்தியைப் பார்த்த மோசடிக் கூட்டம் வாரியத்தின் பெயரில் அனுப்பியது மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்திரமாகச் சேர்ந்தது: "இன்று மாலை கால்வாய்க் கரை உடையலாம். மாடுகளை உடனே மேட்டுக்கு ஓட்டுங்கள். மேட்டில் இடம் பிடிக்க இங்கே தொட்டு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுங்கள்."

கரை உண்மையாகவே சரிந்தது. ஒரு மாடுகூடச் சாகவில்லை. வாரியத்துக்கே தெரியாத வேகத்தில் ஊர் காலியாகியிருந்தது.

புயல் ஓய்ந்ததும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பார்வையிடப் போன ஹெஸ்ஸலின் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஊபெலெ. எழுபது பசு வைத்திருப்பவர். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர்.

"ஆபீசரே, உங்காளுங்க இப்பத்தான் முதல் தடவையா மனுஷனுக்குப் புரியிற மாதிரி ஒரு மெயில் எழுதியிருக்காங்க. மூணே வரி! எழுதினவனுக்கு என் பேர்ல ஒரு காப்பி வாங்கிக் கொடுங்க."

ஹெஸ்ஸல் திரும்பி வந்து விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் அவசரக் கூட்டம் கூட்டினார். அங்கே வாரியத்தின் வக்கீல்தான் அவரைக் காப்பாற்றினார்.

"நம்ம பதிவுப்படி, நம்ம பேர்ல அனுப்ப உலகத்துல எல்லாருக்கும் அதிகாரம் இருக்கு. அப்ப அவங்க அனுப்பினது அதிகாரபூர்வமான கடிதம்தான். எச்சரிச்சது நாமதான்."

"பாஸ்வேர்டு கேட்டது?" என்றாள் இட்ஸ்கே.

"அது மக்கள் பங்கேற்பு," என்றாள் மாடலீஃப்.

ஹெஸ்ஸல் செயலர் ஆனார். பாராட்டு விழாவில் அவர் பட்டாணி சூப்பைத் தொடவே இல்லை. அதுவே அவர் நல்ல மனிதர் என்பதற்குச் சான்று. பதவிக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் முதல் காரியமாக, கூட்டலைக் கழித்தலாக்கி, தலைகீழ்ப் பதிவையும் சேர்க்கச் சொன்னார். காப்பி ஆறுவதற்குள் இட்ஸ்கே முடித்துவிட்டாள். மோசடிக் கடிதங்கள் நின்றன.

மார்ச்சில் மறுபடி புயல் எச்சரிக்கை வந்தது. வாரியத்தின் சொந்த மெயில் முதன்முறையாக எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு மொழியில், ஏழு பத்தியில், "நீரோடு இணைந்து முன்னோக்கி" என்ற தலைப்பில்.

சிறிது நேரத்தில் ஹெஸ்ஸலின் போன் அடித்தது. ஊபெலெ.

"ஆபீசரே, உஷாரா இருங்க. உங்க பேர்ல எவனோ போலி மெயில் அனுப்புறான். வளவளன்னு என்னமோ எழுதியிருக்கான், கடைசிவரைக்கும் பாஸ்வேர்டே கேக்கல. உடனே கண்டுபிடிச்சிட்டேன். ஒருத்தரும் நம்பாதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"ஊபெலெ, அது நாங்க அனுப்பினதுதான்! மாடுகளை ஓட்டுங்க, தண்ணி ஏறிக்கிட்டிருக்கு!"

"போலிக்காரனும் இப்படித்தான் பேசுவான். நீங்க ஹெஸ்ஸல்தான்னு நான் எப்படி நம்புறது?"

"என் குரல் தெரியலையா?"

"குரலை யார் வேணும்னாலும் பண்ணலாம். பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நம்புறேன்."

ஜன்னலுக்கு வெளியே கால்வாய் நீர் படித்துறையின் மேல்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் எழுபது பசுக்கள். ஹெஸ்ஸல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில், தன் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"இருங்க, எழுதிக்கிறேன்," என்றார் ஊபெலெ. "முதல் எழுத்து பெருசா, சின்னதா?"