உமாராணி கற்ற இங்கிலீஷ்

இனிமேல் நம் வீட்டில் இங்கிலீஷ்தான் என்று சட்டம் போட்டேன்.

"உலகமே அதைத்தான் பேசுது, உமா. நீ மட்டும் பின்தங்கலாமா? நானே சொல்லித் தர்றேன். கத்துக்கிட்டதை நீயும் நாலு பேருக்குச் சொல்லிக் குடு."

"தமிழ்ல பேசிட்டா?"

"பேசினவங்க அன்னைக்குச் சாப்பிட்ட மங்கு, தட்டு எல்லாம் கழுவணும்."

"யாரா இருந்தாலுமா?"

"நானே ஆனாலும்."

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

உள்நோக்கத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் சத்தியசீலனோடு கோலா கெடாவில் படகேறி மீன் பிடிக்கப் போக வேண்டும். நேராகப் போய்விடலாமே என்பீர்கள். உங்களுக்கு உமாராணியைத் தெரியாது. தமிழில் கேட்டால் ஒழுகும் கூரையில் ஆரம்பித்து, கல்யாணத்தன்று என் அம்மா சொன்ன சொல்லில் வந்துதான் நிற்பாள். இங்கிலீஷில் அவளுக்கு அத்தனை வார்த்தை ஏது? வாயடைத்து நிற்பாள், நான் தூண்டிலோடு கிளம்பிவிடுவேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டேன். உழைக்கும் மனிதனுக்கு ஓய்வு, கடல் காற்று, நட்பு, ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் அடுக்கினேன். அலோர் ஸ்டார் ஆபீசில் என் மேலதிகாரியிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

உமாராணி குழம்பை ஊற்றினாள்.

"கேனாட்."

"வொய்?"

"கேனாட் லா."

"பட் வொய் கேனாட்?"

"கேனாட் மீன்ஸ் கேனாட்."

பசாரில் மீன்காரனிடம் பேரம் பேசிப் பழகிய இங்கிலீஷ். நம் ஊரில் கல்யாணம் முதல் கருமாதி வரை அந்த ஒரு சொல்லிலேயே முடித்துவிடுவார்கள். அது எனக்கு மறந்தே போய்விட்டது. தமிழ் என்றால் காரணம் சொல்வாள். கூரை என்றால் நாளைக்கே ஆளைக் கூட்டி வருகிறேன் என்பேன். அம்மா என்றால் அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்பேன். நுழைய எங்காவது ஒரு சந்து கிடைக்கும். இதில் சந்தே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தாயே, ஏன் கூடாதுன்னு தமிழ்லயாவது சொல்லித் தொலையேன்."

அவள் அழுக்கு மங்குகளை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

கை நிறைய சோப்பு நுரையோடு நிற்கும்போது சத்தியசீலன் போன் பண்ணினான். நீயாவது போ தம்பி, எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணே, நாளைக்கு நான் வரலை," என்றான் பரிதாபமாக. "எங்க வீட்டுக்காரி ரூபினி இந்த வாரம் பூரா உமா அக்காகிட்ட இங்கிலீஷ் கிளாஸ் போயிருக்கா."