ஆடி விருந்தும் இரண்டு கார்புரேட்டர்களும்

புது மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் மாமனார் வீட்டில் யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். இது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பது எனக்கு முதல் ஆடி விருந்தில்தான் தெரிந்தது. (என் சொந்த வீடாக இருந்திருந்தால், "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று அம்மா ஒரே வாக்கியத்தில் எல்லாரையும் காப்பாற்றியிருப்பார்.)

நானும் தேன்மொழியும் காரைக்குடியிலிருந்து நாச்சியாபுரத்தில் உள்ள அவள் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். மாமனார் கட்டட கான்ட்ராக்டர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு பழைய இரட்டை சிலிண்டர் பைக் இருந்தது. அதன் சாவியை அவர் பெற்ற மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

எனக்கு அந்தச் சாவி வேண்டும். தேன்மொழியைப் பின்னால் உட்கார வைத்துக் குன்றக்குடி வரை ஒரு சுற்றுப் போய் வரவேண்டும் என்பது மேலுக்குச் சொன்ன காரணம். அந்த மனிதர் என்னை ஒரு ஆளாக மதித்துச் சாவியை நீட்ட வேண்டும் என்பது உள்ளுக்குள் இருந்த ஆசை.

"எங்க அண்ணனுக்கே குடுக்கல, ஒங்களுக்கா?" என்றாள் தேன்மொழி.

வழி ஒன்று இருந்தது. பைக்கை நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டால் ஜுரம் வந்ததுபோல நடுங்கும். இரண்டு சிலிண்டருக்கும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கத் தனித்தனி கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு இழுக்கவில்லை என்றால் இப்படித்தான். அதைச் சரிசெய்ய, இழுப்பை அளந்து காட்டும் வேக்குவம் கேஜ் வேண்டும், அதை வீட்டிலேயே செய்யலாம் என்று யூடியூபில் பார்த்திருந்தேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபை வளைத்துப் பலகையில் கட்டி, அடியில் எண்ணெய் ஊற்றி, இரண்டு முனைகளையும் இன்ஜினின் இரண்டு பக்கமும் மாட்டவேண்டும். எந்தப் பக்கம் அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். (நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். இன்ஜினுக்கும் எனக்கும் அதுவரை பெட்ரோல் போடும் அளவுக்குத்தான் பழக்கம்.)

மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பைக்கைப் பார்த்தார்.

"செய்ங்க மாப்ள" என்றார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறவரின் குரல் அது.

கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் டியூப் அவர் ஷெட்டில் சுருளாகக் கிடந்தது. வீடியோவில் ஆள் உயரத்துக்கு டியூப் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த பலகை கை நீளம்தான் இருந்தது. பலகைக்குத் தகுந்தபடி டியூபை வெட்டிவிட்டேன். பார்க்கவும் கச்சிதமாக இருந்தது.

அடுத்தது எண்ணெய். வீடியோவில் வந்தது நல்ல சிவப்பு. மட்டம் பளிச்சென்று தெரிந்தது. நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அத்தை, கொஞ்சம் எண்ணெய் வேணும். செவப்பா இருந்தா நல்லது."

"எதுக்குக் கேக்குறீக மாப்ள?"

"வண்டிக்கு."

அத்தை கரண்டியை வாணலிப் பக்கம் திருப்பினார். மாப்பிள்ளையிடம் அடுத்த கேள்வி கேட்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

"தொவையலுக்கு வரமிளகா வறுத்த எண்ணெய்தான் செவப்பா இருக்கு. அது ஆகுமா?"

"பிரமாதமா ஆகும் அத்தை!"

பைக் முற்றத்தில் நின்றது. பக்கத்து ஹாலில் பந்தி தொடங்கியிருந்தது. தேன்மொழியின் அண்ணனான என் மச்சினனை அருகில் நிறுத்தி, "இப்ப பாருங்க, எந்தப் பக்கம் ஏறுதுன்னு" என்று சொல்லிக்கொண்டே ஸ்டார்ட் செய்தேன்.

வலது பக்கம் ஏறியது. ஏறியது என்றால், நின்று காட்டவெல்லாம் இல்லை; கை நீள டியூபில் அதற்கு இடமும் இல்லை. என் வாக்கியம் முடிவதற்குள் எண்ணெய் முழுவதும் இன்ஜினுக்குள் போய்விட்டது. பலகையில் காலி டியூப் மட்டும் இருந்தது.

"எங்க மாப்ள எண்ணெய்?" என்றான் மச்சினன்.

பதில் சைலன்சரிலிருந்து வெள்ளையாக வந்தது. ஆடிக் காற்று அதை ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் ஹாலுக்குள் கொண்டுபோனது.

முதலில் தேன்மொழியின் பெரிய மாமா இருமினார். பிறகு பந்தி மொத்தமும் இருமியது. மிளகாய் நெடி எப்படிப்பட்டது என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை.

"என்ன மாப்ள, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு போல?" என்று கண்ணீர் வழியக் கேட்டார் பெரிய மாமா.

"ஒண்ணுமில்ல மாப்ள, தூசி. நீங்க பாருங்க" என்றார் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்த இன்னொருவர்.

அவர்களில் யாராவது ஒருவர் திட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன். இவ்வளவு ஊக்கம் கொடுத்ததால், ஆக்சிலரேட்டரை முறுக்கினால் புகை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. (இது வீடியோவில் இல்லை. என் சொந்தச் சரக்கு.) முறுக்கினேன்.

ஹாலிலிருந்து இலைகளை விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் முன்னால் மாமனார் வந்தார். கையில் சோற்றுப் பருக்கை, கண் இரண்டும் பழுத்த மிளகாய்.

"டேய்! நிப்பாட்டுடா அத!"

நிப்பாட்டினேன். இருமலும் நின்றுபோனது.

"என்னங்க இது, மாப்ளயப் போயி டேய்ங்கிறீக?" என்று அத்தை பதறிக்கொண்டு வந்தார். அதுவரை புகைக்குக் கலங்கிய கண்கள் இப்போது நிஜமாகவே கலங்கியிருந்தன. பெரிய மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். விருந்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு நடந்துவிட்டது. மிளகாய் நெடியை எல்லோரும் மறந்தே போனார்கள்.

"மன்னிச்சுக்கங்க மாப்ள, வாய் தவறிருச்சு" என்றார் மாமனார், தரையைப் பார்த்து.

எனக்கு அப்படியே எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடுவதற்கு அங்கே இருந்ததும் அந்த பைக்தான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வெட்கத்துக்கு நடுவிலும் அந்த 'டேய்' எனக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் என்னிடம் ஒருவர் மனதில் பட்டதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆடிக்குப் பெண்ணை நிறுத்திக்கொண்டு மாப்பிள்ளையை மட்டும் ஊருக்கு அனுப்பும் வழக்கத்தை அன்று மாலை எல்லோரும் மிகுந்த உற்சாகத்தோடு கடைப்பிடித்தார்கள். பைக்கை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்தார். அது இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் ஓடுகிறது. சாவி மாமனார் இடுப்பில்தான் இருக்கிறது. இன்றைக்கும் அந்த வீட்டில் மிளகாய் வறுத்தால், "மாப்ள வண்டி எடுக்குறாக" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

போன வருடம் மாமனார் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். ஷோரூமில் அவர் மைலேஜ் கேட்கவில்லை, விலையைக்கூடப் பேரம் பேசவில்லை. விற்பனைப் பையனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுல கார்புரேட்டர் இருக்கா?"

"இல்ல சார், இப்ப வர்ற வண்டியில எல்லாம் அது கெடையாது."

மாமனார் அங்கேயே சாவியை வாங்கி என் கையில் வைத்தார்.

"மாப்ள, இத எப்ப வேணாலும் எடுத்துக்கங்க."