பந்தை விடாத செக்போஸ்ட்

செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு பந்து போனதாகச் சொன்னால் பாலக்காட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். பந்தென்ன, கொசுகூட அவளிடம் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

பெயர் நான் வைத்தது. என் ஊர் கோவிந்தாபுரம். வைக்கோல் லாரிகூட எங்கள் ஊர் செக்போஸ்ட்டில் நின்றுதான் கேரளாவுக்குள் வரும். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து எங்கள் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஃபுட்பால் ஆட வந்த அந்தப் பதிமூன்று வயது ஒல்லிப்பிச்சானை முதல் நாளே ஏமாற்றிக் கோல் போடப் பார்த்தேன். சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏம் புள்ள, எங்க கத்துக்கிட்ட?"

"லயத்து வீட்டு வாசல்லக்கா. எங்க ஊர்ல சமதளமே அம்புட்டுதான். பந்தை விட்டா தேயிலைக்குள்ள உருண்டு பள்ளத்துக்குப் போயிரும். விட்டவதான் போய் எடுக்கணும். கீழ ஆனை நிக்கும்."

"நீ போயிருக்கியா?"

"ஒருவாட்டி. ஆனை என்னையப் பாத்துச்சு. நானும் பாத்தேன். அதுக்கப்புறம் பந்தை விடல."

இந்தியாவின் இளையோர் அணிக்கு ஆள் எடுக்க எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். முக்கால்வாசி ஆட்டம்வரை, டிஃபென்ஸில் நின்ற அவளை எதுவும் தாண்டவில்லை. பிறகு எதிரணியில் ஒருத்தி அடித்த பந்து அவள் தலையில் உரசி, கோல் கம்பத்துக்கும் மேலே போய், மதிலுக்கு வெளியே வயலில் விழுந்தது. செக்போஸ்ட் யோசிக்கவே இல்லை. மதிலேறிக் குதித்துவிட்டாள். ரெஃப்ரி வேறு பந்து கொடுத்து, கார்னர் என்றார். காவல் இல்லாத இடத்தில் எதிரணி சாவகாசமாக ஒரு கோல் போட்டது. அதற்கப்புறம்தான் முழங்கால்வரை சேறும் கையில் பந்துமாக அவள் மதில்மேல் ஏறி வந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மலையாளி கோச் சிரிக்கவில்லை.

"மோளே, வேற பந்து இருக்குல்ல?"

"விட்டது நான்தான சார்?"

அந்த வருஷம் அவளை எடுக்கவில்லை. ஆட்டம் இருக்கிறது, ஆனால் நம்ப முடியாது என்றார்களாம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "சிரிச்சது வலிக்கலக்கா. என்னால நீங்கல்லாம் பத்துப் பேரா நின்னீங்கள்ல, அதான்" என்றாள்.

மறுநாள் முதல் கோச்சே பந்தை மதிலுக்கு வெளியே உதைப்பார். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. அவளுக்குக் கால் துடிக்கும், முகம் வியர்க்கும். நான் பக்கத்தில் நின்று ஜெர்சியைப் பிடித்துக்கொள்வேன். அதில் கிழிந்த ஜெர்சிகளும் உண்டு. "போன பந்து போச்சு. வர்ற பந்தைப் பாரு" என்பார் கோச். அது அவள் காலுக்கு விளங்க ஒரு மழைக்காலம் ஆனது.

அடுத்த முறை எடுத்தார்கள். பதினாறு வயதில் விமானம் ஏறினாள். அதற்குள் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நல்லேப்பிள்ளியில் பால் சொசைட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவளுடைய முதல் சர்வதேச ஆட்டத்தை, பால் கேனில் சாய்த்துவைத்த போனில் பார்த்தேன். ஆரம்பத்திலேயே அவளைத் தாண்டி ஒரு கோல் விழுந்தது. என் விரல்கள் தாமாகவே மடங்கி எதையோ பிடித்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் இடத்துக்கு வந்து நின்றாள். பிறகு வந்த பந்தெல்லாம் அவள் காலோடு நின்றன. ஆட்டம் சமன்.

அன்றே போன் செய்தாள்.

"அக்கா, இப்பவும் ஆடுறீங்களா?"

"எங்க புள்ள, பால் அளக்கறதுக்கே நேரஞ் செரியாப் போகுது."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். கிரவுண்டுக்கு வந்துருங்க."

என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

முன்போல ஓட முடியுமா, தெரியவில்லை. பரணில் கிடந்த பூட்ஸைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன்.